கல்யாணப் பாடம் எடுத்தவன்

பிளான்டயர் மினிபஸ் நிலையத்துச் சுவரில் போன வாரம் பின்வெல் மசுண்டாவின் முகத்தைப் பார்த்தேன். கோட்டு, டை, கன்னத்தோரம் மைக், பல் அத்தனையும் தெரிகிற சிரிப்பு. தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘தம்பதியர் முகாம், உடைந்த குடும்பங்கள் ஒட்டவைக்கப்படும்’ என்று போட்டிருந்தது. பெயருக்கு முன்னால் தீர்க்கதரிசி என்று வேறு. நான் நின்று பார்ப்பதைக் கண்டு, வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்த பெண் கேட்டாள்.

“தெரிஞ்சவராக்கா?”

“கூடப் படிச்சவன்.”

“பெரிய ஆளாமே. புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா ஒரே ஜெபத்துல சரி பண்ணிருவாராம்.”

எனக்கு வந்த சிரிப்பைப் பார்த்துப் பயந்து, அவள் தன் பழக்கூடையை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

பின்வெல்லை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலக்கா பக்கத்துச் செமினரியில் நாலு வருஷம் அவனோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தவள் நான். வெறும் வெறுப்பு என்றால் ஜெபித்தாவது தொலைத்திருப்பேன். இது ஏளனம். இதைப் போக்க எந்த ஜெபத்தையும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

லிசுலு பக்கத்து மலைக்காரன் அவன். உருளைக்கிழங்கு விளைகிற ஊர். ஆனால் கல்லூரிச் சோளக்கொல்லையில் களை எடுக்கும் நாள் வந்தால் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டு விருந்தாளி வந்தால் இடுப்பு தானாகச் சரியாகிவிடும்; முன் வரிசையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஜெபிப்பான். குரல் மட்டும் நல்ல குரல். அந்தக் குரலை வைத்துத்தான் இன்றைக்கும் பிழைக்கிறான்.

அவனுக்குக் கல்யாணமாகியிருந்தது. கல்யாணமான மாணவர்களுக்கென்று தைலமரங்களுக்கு அடியில் வரிசையாக வீடுகள் உண்டு. மனைவிமார் வந்து தங்கித் தையல் படிப்பார்கள், வேதபாடம் படிப்பார்கள், சாயங்காலம் என்சிமா என்கிற சோளக்களி கிளறிக்கொண்டே எங்கள் தலைகளை உருட்டுவார்கள். பின்வெல் மட்டும் கட்டைப்பிரம்மச்சாரி போல ஹாஸ்டலில் கிடந்தான். கேட்டால், “அவ வரமாட்டேங்கிறா. என் அழைப்பை அவ மதிக்கலை” என்பான். இரண்டாம் வருஷம் ஜெபக்கூட்டத்தில் இதைச் சொல்லி அழவும் அழுதான். நாங்கள் அவன் மேல் கைவைத்து ஜெபித்தோம். என் கையும் அதில் இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசி வருஷம் வந்தபோது பேச்சு மாறியது. “வரமாட்டேங்கிறா” என்பது “போயிட்டா” என்று ஆனது. “என்னை விட்டுட்டே போயிட்டா” என்று வகுப்பில் ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லிவைத்தான். எங்கள் சபையில் குருப்பட்டம் கொடுக்கும் முன் மனைவியையும் அழைத்து, இவரோடு ஊழியத்தில் நடக்கச் சம்மதமா என்று கேட்பார்கள். ஓடிப்போனவளை யாரும் அழைக்கமாட்டார்கள். அவனுக்கு வேறு பெண் பார்க்கவும் அனுமதி கிடைக்கும். பிளான்டயரில் ஒரு பாடகர் குழுவில் வங்கி வேலை பார்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவன் அங்கே போய்ப் பாடிவிட்டு வருவான். ஊரில் இருந்தவளுக்கோ, ஓடிப்போனவள் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் தீர்ந்தது. அவர்கள் ங்கோனிக்காரர்கள், மாடு கொடுத்துப் பெண் எடுப்பவர்கள். விட்டுப்போனது பெண் என்றால் அவள் வீட்டார் மாட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிள்ளையும் அப்பன் வீட்டுக்குப் போய்விடும். அவளுக்கு இருந்தது ஒரே மகள்.

இதையெல்லாம் அப்போதே நான் அறிந்திருந்தால் கதை வேறு. எனக்கு அவன் மேல் இருந்த கோபம் விருப்பப் பாடத்தில் வந்தது.

கடைசி வருஷம் ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் அதற்கு ஒரு முறை உண்டு. முதல்வர் சிற்றாலயத்தில் நின்று ஒவ்வொரு பாடமாகக் கூப்பிடுவார். வேண்டியவர்கள் எழுந்து நிற்க வேண்டும். நாலு பேர் நின்றால் பாடம் நடக்கும். மூன்று பேர் என்றால் இல்லை. நிற்பதற்கு முந்தின வாரம் முழுக்கக் கல்லூரி சந்தை மாதிரி இருக்கும். இஸ்லாம் பற்றிய பாடத்தை எடுத்தால் முஸ்லிம்கள் அதிகமுள்ள ஏரிக்கரைக்கு மாற்றல் போட்டுவிடுவார்கள் என்று ஒருத்தரும் அதற்கு எழுந்திருக்கமாட்டார்கள். எபிரேயம் எடுத்தால் தலைவலி. சபைக் கணக்கு எடுத்தால் கிராமத்துச் சபைகளின் வழக்கெல்லாம் தலையில் விழும். கல்யாண ஆலோசனை என்று ஒரு பாடம் இருந்தது பாருங்கள், அதற்குத்தான் அடிதடி. கல்யாணம் என்றால் மேடை நாற்காலி, கேக், கோழி, நகரத்துச் சபை. சம்சாரத்தைக் கட்டி மேய்க்கத் தெரியாதவன்தான் அதில் முதலில் போய் நிற்பான்.

நான் ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு நிற்கப்போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். என் வீட்டுக்காரர் இறந்தபோது அந்த வார்டில் எட்டிப் பார்க்க ஒரு போதகர் வரவில்லை. செத்தவர்களை அடக்கம் பண்ண எல்லோரும் வருகிறார்கள், சாகிறவர்களிடம் யாரும் வருவதில்லை. என்னோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள். நாலாவது ஆள் வேண்டும். பின்வெல்லே தேடிவந்து, “எஸ்னாத் அக்கா, கவலைப்படாதீங்க. நான் நிக்கிறேன். நோயாளிங்கன்னா எனக்கு உயிரு” என்றான்.

சொன்னபடி நின்றான். முதல்வர் எண்ணினார். “நல்லது. இந்த வகுப்பு தினமும் விடியற்காலை ஆண்கள் வார்டில் ஆரம்பிக்கும்” என்றார். பின்வெல் உட்கார்ந்துவிட்டான். கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஏதோ தூசி துடைக்கத்தான் எழுந்தது போல உட்கார்ந்தான். அடுத்ததாகக் கல்யாணப் பாடத்தைக் கூப்பிட்டபோது எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றது அவன்தான். என் பாடம் போனது. மிச்சம் இருந்ததில் நேரத்துக்குப் பொருந்தியது அந்தக் கல்யாண வகுப்புத்தான் என்று என்னையும் அதில் தள்ளிவிட்டார்கள்.

“உயிரு எங்கடா போச்சு?” என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

“ஆண்டவர் என்னை வேற பக்கம் திருப்பிட்டாருக்கா.”

அவன் சோம்பலுக்கெல்லாம் ஆண்டவர்தான் பொறுப்பு.

பாடம் நடத்தியவர் அபுசா தேயு. போதகர்களை நாங்கள் அபுசா என்போம். நல்ல மனுஷர், அந்த நல்ல குணத்தால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வண்ணப்படங்கள் போட்ட ஒரு தடித்த புத்தகத்தோடு வந்திருந்தார். அதில் புருஷனும் பெண்சாதியும் சோபாவில் உட்கார்ந்து மனம் திறக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு தாய்மாமன்கள் காவல்; பெண் பக்கம் ஒருவர், பிள்ளை பக்கம் ஒருவர். அவர்களை அன்கோஸ்வே என்போம். கல்யாணம் அவர்கள் பேசி நடந்தது; சண்டையானாலும் அவர்கள் உட்கார்ந்தால்தான் பேச்சு, பிரிவென்றாலும் அவர்கள் வாயால் வந்தால்தான் செல்லும். அந்தப் புத்தகத்தில் மாமன்களுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. சோபா மட்டும் இருந்தது.

செய்முறை என்று அக்கம்பக்கத்துக் கிராமத்திலிருந்து சண்டைக்காரத் தம்பதிகளை வரவழைப்போம். வந்தவர்களுக்குத் தேநீரும் மண்டாசி என்கிற மாவுருண்டையும் உண்டு. சூடான மண்டாசி எண்ணெயில் பொரிந்து வரும் வாசனைக்கே ஊரில் சண்டை பெருகியது. ஒரு தம்பதி மூன்று முறை வந்தார்கள், மூன்று முறையும் வெவ்வேறு சண்டை. கடைசி முறை என்ன சண்டை என்பது இருவருக்குமே மறந்துபோய், வாசலில் நின்று பேசி முடிவு பண்ணிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

பின்வெல்லுக்கு முதலில் வாய்த்தது ஒரு தையல்காரனும் அவன் மனைவியும். நிஜச் சண்டைக்காரர்கள். மாமன்கள் யாரும் வரவில்லை. நான் கூட, “அன்கோஸ்வே இல்லாம ஆரம்பிக்காதடா” என்றேன்.

“அக்கா, அது பழைய முறை. இங்க மனசுதான் முக்கியம்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினான். “அம்மா, மனசுல இருக்கறதைத் தைரியமா சொல்லுங்க. இது பாதுகாப்பான இடம்.”

பாவம், அவள் நம்பினாள். மாமியார் சூனியக்காரி என்று தான் சந்தேகப்படுவதாகச் சொல்லிவிட்டாள். பின்வெல் தலையாட்டி, “உங்க உணர்வை மதிக்கிறேன்” என்றான். மதித்ததோடு விட்டானா? சமாதானம் பண்ணுகிறேன் பேர்வழி என்று அந்த மாமியாரிடமே போய் இதைச் சொல்லிவிட்டான். எங்கள் பக்கம் ஒரு கிழவியைச் சூனியக்காரி என்றால் கூரையில் தீ விழும். மறுநாள் இரண்டு பக்கத்து மாமன்களும் ஊர்த்தலைவரோடு கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“யாருடா அந்த மசுண்டா? இவங்களுக்குக் கல்யாணம் பேசினது நீயா நானா?” என்று தையல்காரனின் மாமன் கத்தினார். “எங்களைக் கூப்பிடாம பொம்பளையைப் பேசவிட்ட நீ எந்த ஊர்க்காரன்? உன் வீட்டுக் கல்யாணத்துக்கு மாமன் இல்லையா?”

பின்வெல் புத்தகக் கட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டான். அபுசா தேயு மன்னிப்புக் கேட்டார். இனி அன்கோஸ்வே இல்லாமல் எந்த வழக்கும் எடுக்கமாட்டோம் என்று ஊர்த்தலைவர் முன்னால் வாக்குக் கொடுத்தார்.

அந்த மாமன் உருளைக்கிழங்கு வியாபாரி. சரக்கெடுக்க லிசுலு சந்தைக்குப் போகிறவர். அங்கே மூட்டையைத் தூக்கிக்கொண்டே, செமினரியில் மசுண்டா என்று ஒரு கோமாளி கல்யாணம் ஒட்டவைக்கிற கதையைச் சந்தை பூராவும் சொல்லிச் சிரித்திருக்கிறார். கிழங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லையாம்.

“அந்த இடத்துல பொம்பளைங்க போகலாமாய்யா?” என்று கேட்டாளாம்.

“பொம்பளைங்களுக்கு வீடே குடுத்து வச்சிருக்காங்கம்மா. மரத்தடியில வரிசையா.”

கொஞ்ச நாள் கழித்து அபுசா தேயு வகுப்புக்குச் சந்தோஷமாக வந்தார். “வெளியூர் வழக்கு ஒண்ணு. ரெண்டு அன்கோஸ்வேயும் நேர்ல வந்திருக்காங்க! புருஷன் இங்கேயே வந்து சேர்ந்துக்குவானாம். மசுண்டா, இன்னிக்கு உன் முறை. போன தடவை கெடுத்ததைச் சரி பண்ணு” என்றார்.

பின்வெல் டையைச் சரி பண்ணிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தான். கதவு திறந்தது. முன்னால் ஒரு கிழவர், தடியும் பழைய கோட்டும். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் சலவை செய்த சித்தென்ஜே துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிய ஒரு பெண், வெயிலில் கறுத்த முகம், மண் வேலை செய்த கை. பின்வெல்லைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

அப்போது அவன் எழுந்திருந்தால் போதும். “வா” என்று ஒரு வார்த்தை, வேண்டாம், வெறுமனே எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தால் போதும். அறையைச் சுற்றிப் பார்த்தான். எங்களில் யாருக்கும் அவளைத் தெரியாது என்பது அவனுக்கு உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த நல்ல குரலில் கேட்டான்.

“வாங்கம்மா. உட்காருங்க. உங்க பேரு என்ன?”

 கிழவரின் தடி தரையில் ஒருமுறை தட்டியது.

“சியோனே” என்றாள்.

“உங்க வீட்டுக்காரர் பேரு?”

“புருஷன் பேரைச் சொல்றது எங்க பக்கம் மரியாதை இல்லைங்க. தோக்கோவோட அப்பா. தோக்கோ என் மக.”

அவன் மூச்சு விட்டதை நான் பார்த்தேன். தப்பித்துவிட்டதாக நினைத்திருக்கிறான். “சரி. பிரச்சினையைச் சொல்லுங்க” என்றான்.

“அவரு படிக்கப் போனாரு. பொண்டாட்டிங்க அங்க தங்கக்கூடாது, வாத்தியாருங்க விரட்டிருவாங்கன்னு சொன்னாரு. நான் நம்பினேன். அவரு அம்மாவை நான்தான் பாத்துக்கிறேன், கிழங்குக்காட்டையும் நான்தான் பாத்துக்கிறேன். வந்த லீவுக்கெல்லாம் சட்டையைத் துவைச்சுக் குடுத்தேன். இப்ப ஊருல, நான் அவரை விட்டு ஓடிட்டேன்னு பேச்சு வருது. ஒரே வீட்டுல, ஒரே அடுப்படியில இருக்கேன். எங்கங்க ஓடினேன்? என் பொண்ணைக் கேப்பாங்கன்னு சொல்றாங்க. அதைத்தான் கேக்க வந்தேன்.”

வகுப்பு கொதித்துவிட்டது. “எப்பேர்ப்பட்ட ஆளு அவன்!” என்றான் ஒருவன். “செருப்பால அடிக்கணும்” என்றான் இன்னொருவன், இவன் இப்போது எங்கோ சபைக் கண்காணிப்பாளர். நான் பின்வெல்லின் காதோரம் வியர்வை வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

“அவசரப்படக்கூடாது” என்றான் பின்வெல், எங்களைப் பார்த்து. “புருஷன் பக்கத்தையும் கேக்கணும். அவரு மனசுல என்ன காயமோ. அவரு வந்தப்புறம் பேசலாம். இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாம்.”

“அவன் வந்துட்டான்” என்றார் தடிக்காரக் கிழவர்.

“எங்கே?” என்று அபுசா தேயு வாசலைப் பார்த்தார்.

“வாசல்ல இல்லீங்க அபுசா. நடுவுல உக்காந்து கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கான். என் அக்கா மகன்தான். இவன் கல்யாணத்துக்கு நின்ன அன்கோஸ்வே நான், ஜேரே.”

 பின்வெல் எழுந்தான். எழுந்தவன் என்ன சொன்னான் தெரியுமா?

“மாமா, நான் முறைப்படிதான் கேட்டேன். பேரைக் கேட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கு.”

ஜேரே அந்தப் புத்தகத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெண் பக்கத்து மாமனிடம் திரும்பினார். “மச்சான், நீங்களும் கேட்டீங்க, நானும் கேட்டேன். நான் இவனுக்காகப் பேசத்தான் வந்தேன். சின்னப் பையன், பயந்துட்டான், ரெண்டு பேருக்கும் மரத்தடியில ஒரு வீடு குடுங்கன்னு கேக்கத்தான் பஸ் ஏறினேன். இப்ப எதைப் பேச? ரெண்டு மாமனும் உக்காந்திருக்க, இத்தனை பேர் பார்க்க, கட்டினவகிட்ட நீ யாருன்னு கேட்டுட்டான். விட்டுட்டுப் போனது இவன். என் வாயாலயே சொல்றேன். மாட்டை யாரும் திருப்பிக் கேக்கமாட்டாங்க. தோக்கோ அம்மாகிட்டயே இருப்பா. எவனாவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க.”

“கேட்டுக்கிட்டேன்” என்றார் மற்றவர். அவ்வளவுதான். எங்கள் முறைப்படி கல்யாணம் அங்கேயே முறிந்தது, மண்டாசி ஆறுவதற்குள்.

பின்வெல் மறுநாள் அபுசா தேயுவின் அறைக்குப் போனான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நான்கூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நேற்று நடந்ததை அவனுடைய செய்முறையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கப் போயிருக்கிறான். அபுசா தேயு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கத்தினார் என்றால் அது அன்றைக்குத்தான். குருப்பட்டத்துக்கு அவன் பெயரை யாரும் அனுப்பவில்லை. வங்கிப் பெண்ணும் விஷயம் கேள்விப்பட்டு வேறு சபைக்குப் பாடப் போய்விட்டாள். பிறகு அவன் பிளான்டயரில் ஒரு தகரக் கொட்டகையும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டுத் தன்னைத்தானே தீர்க்கதரிசியாக்கிக்கொண்டான். தானே தலைவன், மனைவி எங்கே என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கல்யாணப் பாடம் வீண்போகவில்லை பாருங்கள்.

அன்று சியோனேயைச் சாலை வரை கொண்டுவிட்டது நான்தான். மாமன்கள் முன்னால் நடந்தார்கள். மகளுக்கென்று இரண்டு மண்டாசியைத் துணியில் முடிந்து வைத்திருந்தாள். போகும் வழியில் தைலமரத்தடி வீடுகளின் பக்கம் நின்று, கொடியில் காயும் துணிகளையும், வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த பெண்களையும் பார்த்தாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. “அவன் உன் பேரைக் கேட்டப்ப ஏன்மா பதில் சொன்னே? அங்கேயே காறித் துப்பியிருக்கலாம்ல?” என்றேன்.

மினிபஸ் வருவது தெரிந்தது. அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

“நாலு வருஷமா லீவுக்கு வருவாரு, சாப்பிடுவாரு, போவாரு. என்னைப் பத்தி அவரு கேட்ட முதல் கேள்விக்கா அது” என்றாள். “எப்படிச் சொல்லாம இருக்கறது?”